பிரேக் ஆயில் தண்ணீர் குடிக்கும்

எங்கள் பெரியப்பாவின் கார் எட்டு வருடத்தில் 21,000 கிலோமீட்டர்தான் ஓடியிருந்தது. தமிழ் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றபோது வாங்கியது. நாமக்கல்லில் வீட்டு வாசலில் உறை போர்த்திக்கொண்டு நிற்கும். சனிக்கிழமை காலை ஆஞ்சநேயர் கோயில், மாதம் ஒரு முறை ராசிபுரத்தில் அத்தை வீடு, கல்யாணம் காட்சி என்றால் சேலம். அவ்வளவுதான் அதன் உலகம். உறையை எடுத்தால் நேற்று ஷோரூமிலிருந்து வந்த மாதிரி இருக்கும். "எப்பக் கொடுக்கறதா இருந்தாலும் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க சார்" என்று தெருவில் இரண்டு பேர் துண்டு போட்டு வைத்திருந்தார்கள்.

ஓடுகிறதோ இல்லையோ, வருடம் தவறாமல் இன்ஜின் ஆயில் மாற்றிவிடுவார். டயர்க் காற்று, பேட்டரித் தண்ணீர், வைப்பர் ரப்பர் எல்லாவற்றுக்கும் நோட்டில் கணக்கு உண்டு. பிரேக் ஆயில் மட்டும் அந்த நோட்டில் இல்லை. பானெட்டைத் திறந்தால் வெள்ளை டப்பாவில் மேல் கோட்டுக்குக் கொஞ்சம் கீழே அது எப்போதும் இருந்தது. குறையாத பொருளை எதற்கு மாற்றுவது? நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். வண்டிகளைப் பற்றிக் கொஞ்சம் தெரியும் என்று வேறு எனக்கு ஒரு எண்ணம்.

அந்த எண்ணம் கொல்லிமலையில் போயிற்று.

காரவள்ளியிலிருந்து மேலே 70 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது பிள்ளைகள் பலகையைப் பார்த்துச் சத்தம் போட்டு எண்ணிக்கொண்டே வந்தார்கள். அறப்பளீஸ்வரர் கோயில், செம்மேட்டில் சாப்பாடு, திரும்பும்போது டிக்கியில் ஒரு பலாப்பழமும் இரண்டு சீப்பு மலை வாழையும். இறங்கும்போது நான்தான் ஓட்டினேன். வண்டிக்குள் ஐந்து பேர். மூன்றாவது கியரில் வைத்துக்கொண்டு, வளைவுக்கு வளைவு பிரேக்கை மிதித்து, வளைவில்லாத இடத்திலும் பயத்தில் லேசாகக் காலை வைத்தபடியே வந்தேன். பிரேக்கும் நன்றாகத்தான் பிடித்தது. பாதி வழியில் ஓரம் கொஞ்சம் அகலமாக இருந்த இடத்தில், படம் எடுக்க வேண்டும் என்று நிறுத்தச் சொன்னார்கள். பத்து நிமிடம் நின்றோம். குரங்குக்கு ஒரு வாழைப்பழம் போயிற்று. சரி, கிளம்பலாம் என்று வண்டியை எடுத்து, பத்தடி உருண்டதும் பிரேக்கில் காலை வைத்தேன்.

கால் நேராகத் தரைக்குப் போனது.

பஞ்சு மூட்டையை மிதித்த மாதிரி என்பார்கள். பஞ்சுக்காவது கொஞ்சம் எதிர்ப்பு இருக்கும். கையில் இருந்த ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன், வண்டி நின்றது. முதல் கியரில், நடக்கிற வேகத்தில் இருந்ததால் இதைச் சாதாரணமாக எழுத முடிகிறது. இறங்கி, சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டுப் பெடலைத் திரும்பத் திரும்ப மிதித்துப் பார்த்தேன். நாலாவது ஐந்தாவது மிதியில் ஏதோ கொஞ்சம் தட்டுப்பட்டது. ஒரு மணி நேரம் கழித்து மிதித்தபோது பெடல் பழையபடி கெட்டியாக மேலே நின்றது. ஒன்றுமே நடக்காத மாதிரி.

இந்தக் கோளாறின் கள்ளத்தனமே இதுதான். தானாக வந்து தானாகப் போய்விடும். மறுநாள் ஒரு சர்வீஸ் சென்டரில் காட்டினோம். எங்கும் கசிவு இல்லை, சக்கரத்தோடு சுழலும் டிஸ்க் என்ற வட்டத் தகட்டை உரசிப் பிடிக்கும் பேட் பாதிக்கு மேல் இருக்கிறது, டப்பாவில் ஆயில் இருக்கிறது, ஓட்டிப் பார்த்தோம், நன்றாகப் பிடிக்கிறது என்று சொல்லி, கழுவித் துடைத்துக் கொடுத்துவிட்டார்கள். "நீதான் பதட்டத்தில் கிளட்சை மிதித்திருப்பாய்" என்றார் பெரியப்பா. இரண்டு நாள் அதையும் யோசித்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம்தான் பரமத்தி ரோட்டுப் பக்கம் பட்டறை வைத்திருக்கும் ஒரு பெரியவரிடம் போனோம். நாமக்கல்லுக்கே உரிய மாதிரி லாரி பட்டறையில் தொடங்கி, பிறகு காருக்கு வந்தவர். வண்டியைத் தொடுவதற்கு முன்பே கேட்டார்.

"ஏந்தம்பி, இறங்கி வர்றப்பப் போச்சா, நின்னுட்டுக் கிளம்பறப்பப் போச்சா?"

"நின்னுட்டுக் கிளம்பறப்பங்ண்ணா."

"பிரேக் ஆயில் மாத்தி எத்தனை வருசமாச்சுங் சார்?"

பெரியப்பா கொஞ்சம் யோசித்துவிட்டு, "மாத்தினதே இல்லைங்களே. ஊத்தவே வேண்டி வரல" என்றார், ஏதோ அது வண்டியின் நல்ல குணம் மாதிரி.

"அதான் கொதிச்சிருக்குது" என்றார் அவர். "லாரி பிரேக்குக்குக் காத்து வேணும். கார் பிரேக்குக்குக் காத்து ஆகாது. உங்குளுது உள்ளயே காத்து செஞ்சுக்குச்சு."

இதைவிடச் சுருக்கமாக இதை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. லாரியில் அழுத்தப்பட்ட காற்றுதான் பிரேக்கை இயக்குகிறது. காரில் அந்த வேலையைச் செய்வது ஒரு திரவம். திரவத்தை அமுக்கினால் சுருங்காது. ஒரு முனையில் தள்ளினால் மறுமுனையில் அதே அழுத்தத்தோடு தள்ளும். பள்ளிக்கூடத்தில் பாஸ்கல் விதி என்று படித்தது. அழுத்திப் பிரேக் பிடிக்கும்போது அந்தக் குழாய்க்குள் எழுபது எண்பது பார் அழுத்தம் சாதாரணமாக ஏறும். டயருக்குள் இருப்பது இரண்டு சொச்சம் பார்தான். அந்தத் திரவத்துக்கு நடுவே ஒரு நீராவிக் குமிழி வந்துவிட்டால், கால் தள்ளுகிற தள்ளெல்லாம் அந்தக் குமிழியைச் சுருக்குவதில் போய்விடும். சக்கரத்துக்கு ஒன்றும் போய்ச் சேராது. சூடு ஆறியதும் ஆவி மறுபடி நீராகிவிடும். குமிழியும் இல்லை, சாட்சியும் இல்லை.

நீராவி எப்படி வந்தது? தண்ணீர் இருந்தது. மூடி வைத்த டப்பாவுக்குள் தண்ணீர் எப்படி வந்தது? இங்கேதான் "ஆயில்" என்ற பெயர் நம்மை ஏமாற்றுகிறது. எண்ணெய் என்றால் தண்ணீரோடு ஒட்டாது என்பது நமக்கு அடுப்படியிலேயே தெரிந்த பாடம். பிரேக் ஆயில் எண்ணெயே இல்லை. பெரும்பாலும் கிளைக்கால் ஈதர் வகை இரசாயனம். அது தண்ணீரைத் தள்ளாது, தேடிப்போய்க் குடிக்கும். திறந்து வைத்த உப்பு மழைக்காலத்தில் நசநசவென்று ஆகிறதே, அதே பழக்கம். சக்கரத்துக்குப் போகும் ரப்பர் ஹோஸின் சுவர் வழியாகவே காற்றின் ஈரம் மெல்ல மெல்ல உள்ளே ஊறும். டப்பா மூடியில் இருக்கிற காற்றுத் துளை வழியாகக் கொஞ்சம். "லெவல் பார்க்கிறேன்" என்று மூடியைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம். இதில் எதுவுமே வண்டி ஓடியதா நின்றதா என்று கேட்பதில்லை. வாசலில் உறை போர்த்தி நின்ற எட்டு வருடமும் பெரியப்பாவின் கார் தண்ணீர் குடித்துக்கொண்டேதான் இருந்திருக்கிறது.

தண்ணீரைக் குடிக்கும் பொருளை எதற்கு இந்த வேலைக்கு வைத்தார்கள் என்று எனக்கும் தோன்றியது. யோசித்தால் அதுதான் அதன் நல்ல குணமும். உள்ளே வரும் ஈரத்தைக் கரைத்துக்கொள்ளாவிட்டால், அது சொட்டுச் சொட்டாகப் பிரிந்து, குழாயின் தாழ்வான இடத்தில் போய்த் தேங்கும். தாழ்வான இடம் எது? சக்கரத்துக்குப் பக்கத்தில், பேட்டை டிஸ்கின் மேல் அழுத்தும் காலிப்பர். வண்டியிலேயே சூடு அதிகமாகும் இடங்களில் ஒன்று. அங்கே தனித் தண்ணீர் நின்றால் 100 டிகிரியில் கொதித்துவிடும், இரும்பும் துருப்பிடிக்கும். கரைந்து பரவியிருந்தால் ஆபத்து மெதுவாகத்தான் வரும். நமக்கு இரண்டு வருடம் அவகாசம் கிடைக்கிறது. அந்த அவகாசத்தை நாங்கள் எட்டு வருடமாக இழுத்திருந்தோம்.

எண்களைப் பார்த்தால் விஷயம் இன்னும் உறைக்கும். டின்னின் மேல் டாட் 3, டாட் 4 என்று போட்டிருப்பது அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் முதலெழுத்துகள். அவர்கள் வகுத்த தர வரிசையைத்தான் உலகம் முழுவதும் டின்னில் அச்சிடுகிறார்கள். டாட் 3 புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது. கிட்டத்தட்ட 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்த பிறகு அந்த வரம்பு 140 டிகிரி. ஒரு லிட்டருக்கு 37 மில்லி. காய்ச்சல் மருந்து பாட்டிலின் மூடியில் மூன்று நான்கு மூடி. அவ்வளவு தண்ணீருக்கு 65 டிகிரி காணாமல் போகிறது. டாட் 4 என்றால் 230, ஈரமான பின் 155. டாட் 5.1 என்றால் 260, ஈரமான பின் 180.

140 டிகிரி என்பது பெரிய சூடுதானே, அவ்வளவு சூடு எங்கிருந்து வரும் என்று பெரியப்பா கேட்டார். நான் ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டினேன். ஆட்களும் பலாப்பழமும் சேர்த்து வண்டி 1,300 கிலோ என்று வையுங்கள். சுமார் 1,000 மீட்டர் உயரத்திலிருந்து அதை இறக்குகிறோம். அந்த உயரத்தில் இருந்த ஆற்றல் எங்காவது போயாக வேண்டும். அத்தனையும் வெப்பமானால் 40 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கலாம். கல்யாண வீட்டு அண்டா! இன்ஜினும் எதிர்க்காற்றும் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும், மீதியை நாலு சக்கரத்தின் பிரேக்குகள் வாங்கும். முன்சக்கரங்களுக்கே பெரும்பங்கு. நான் மூன்றாவது கியரில் வந்ததால் இன்ஜின் தன் பங்கைச் சரியாக வாங்கவில்லை. எல்லாவற்றையும் டிஸ்க் தலையில் கட்டிவிட்டேன்.

சரி, இறங்கும்போது பிடித்த பிரேக் நின்ற பிறகு ஏன் போனது? பட்டறைப் பெரியவர் முதல் கேள்வியாக அதைக் கேட்டதற்குக் காரணம் இருக்கிறது. ஓடும்போது காற்று வீசி டிஸ்கைக் குளிர்வித்துக்கொண்டே இருக்கும். நின்றதும் காற்று இல்லை. கனன்றுகொண்டிருக்கும் டிஸ்கின் சூடு பேட் வழியாகக் காலிப்பருக்குள் ஏறி, உள்ளே அசையாமல் நிற்கும் திரவத்தில் இறங்கும். அதோடு, பெடலை அழுத்திக்கொண்டிருக்கும்வரை உள்ளே அழுத்தம் இருப்பதால் திரவம் எளிதில் கொதிக்காது, பிரஷர் குக்கரில் போல. காலை எடுத்த நிமிடம் அழுத்தம் போகிறது, குமிழி வருகிறது. நாங்கள் குரங்கைப் படம் பிடித்துக்கொண்டிருந்த பத்து நிமிடத்தில் கீழே சமையல் நடந்திருக்கிறது.

மலையில் பிரேக் பிடிக்கவில்லை என்று சொல்கிற எல்லாருக்கும் இதே கோளாறு என்று சொல்ல முடியாது. பெடல் கல் மாதிரி கெட்டியாக இருந்து, எவ்வளவு மிதித்தும் வண்டி நிற்காமல், கருகிய வாடை வந்தால் அது பேட் சூடேறி வழுக்குவது. பெடல் தொளதொளவென்று கீழே போனால் திரவத்தில் குமிழி, அல்லது எங்கோ கசிவு. இந்த வித்தியாசத்தைச் சொல்லத் தெரிந்தாலே மெக்கானிக்கின் பாதி வேலை முடிந்துவிடும். நான் சர்வீஸ் சென்டரில் "பிரேக் போயிருச்சு" என்று மட்டும்தான் சொல்லியிருந்தேன். அவர்கள் மேல் எனக்கு வருத்தம் இருக்கிறது, ஆனால் என் வாக்குமூலமும் அவ்வளவு லட்சணமாக இல்லை. வண்டிக்கு என்ன வயது, இதைக் கடைசியாக எப்போது மாற்றினீர்கள் என்று அவர்கள் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம்.

பெரியப்பாவுக்கு இந்தப் பெயர் விவகாரம்தான் மனதில் நின்றது. எண்ணெய் இல்லாத ஒன்றுக்கு எவன் ஆயில் என்று பெயர் வைத்தான்? தேடிப் பார்த்தால், பெயர் வைத்தவன் பொய் சொல்லவில்லை. அமெரிக்காவில் மால்கம் லாகீட் என்பவர் 1917-இல் திரவத்தால் இயங்கும் பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றார். லாக்ஹீட் என்று பிற்பாடு எழுத்தை மாற்றிக்கொண்ட குடும்பம். விமானத்தில் வரும் அதே பெயர்தான். 1921-இல் டூசன்பர்க் மாடல் ஏ என்ற கார் நான்கு சக்கரத்திலும் அந்த வகை பிரேக்கோடு வந்தது. அந்தக் காலத்துப் பிரேக் திரவத்தில் முக்கியமான சரக்கு என்ன தெரியுமா? விளக்கெண்ணெய். நம் ஆமணக்கு விதையில் ஆட்டுவது. அதில் ஆல்கஹால் கலந்து இளக்கி ஊற்றினார்கள். அப்போது வாஷர் எல்லாம் இயற்கை ரப்பர். பெட்ரோலிய எண்ணெய் பட்டால் ரப்பர் ஊதிப்போகும், விளக்கெண்ணெய் ஒன்றும் செய்யாது. பிறகு ரப்பரும் மாறியது, திரவமும் மாறியது. பெயர் மட்டும் பட்டறைப் பேச்சில் ஒட்டிக்கொண்டது. "அப்ப முதல்ல விளக்கெண்ணெய் ஊத்தித்தான் நிறுத்தியிருக்காங்க" என்று பெரியப்பா சிரித்தார். வகுப்பில் அந்தச் சொல்லை எத்தனை பையன்கள் மேல் பிரயோகித்திருப்பாரோ. தமிழில் இதற்குத் "தடைநீர்மம்" என்று ஒரு சொல்லையும் பட்டறையிலேயே ஆக்கினார். பட்டறைக்காரர் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு, "அப்படிக் கேட்டீங்கன்னா கடையில கொடுக்க மாட்டானுங் சார்" என்றார்.

பெயரால் நடக்கிற விபத்து ஒன்றையும் அவர் சொன்னார். ஒருவர் டப்பா குறைந்திருக்கிறதே என்று, வீட்டில் மிச்சம் இருந்த பவர் ஸ்டீயரிங் ஆயிலை ஊற்றிவிட்டார். அதுவும் ஆயில், இதுவும் ஆயில். நாலைந்து நாளில் பிரேக் மிதித்தால் விடவில்லை, சக்கரம் தொட முடியாத சூடு. பெடலை மிதித்தால் திரவத்தைத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டருக்குள் ரப்பர் வாஷர்கள் ஊறி ஊதி, திரவம் திரும்பி வரும் சிறு துளையை அடைத்துக்கொண்டன. கடைசியில் மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர், காலிப்பர் கிட், ஹோஸ் என்று ரப்பர் இருக்கிற இடமெல்லாம் மாற்ற வேண்டியதாயிற்று. பிரேக் பாகங்களை பெட்ரோலிலோ மண்ணெண்ணெயிலோ கழுவும் வழக்கமும் இதே வகைத் தப்புதான். நம் பட்டறைகள் பலவற்றில் இன்றும் நடக்கிறது. அவர் பட்டறையில் புதுப் பிரேக் ஆயிலாலேயே கழுவுகிறார். முதலில் வீண் செலவு என்று நினைத்தேன், இப்போது அப்படித் தோன்றவில்லை.

எந்த ஆயில் வாங்குவது என்பதற்கு நான் இணையத்தில் மூன்று இரவுகள் செலவழித்தேன். விடை டப்பாவின் மூடியில் அச்சடித்தே இருந்தது. மூடி சொல்வதை வாங்குங்கள். அதற்கு மேல் சொல்ல அதிகம் இல்லை, ஆனாலும் ஒன்றிரண்டு சிக்கல் உண்டு. டாட் 3, டாட் 4, டாட் 5.1 மூன்றும் ஒரே குடும்பம், ஒன்றோடு ஒன்று கலந்தாலும் கெடுதல் செய்யாது. ஆனால் கலவையின் தரம் தாழ்ந்ததன் பக்கம் இறங்கும். டாட் 5 மட்டும் வேறு சாதி. அது சிலிகோன், ஊதா நிறம், மற்றவற்றோடு சேரவே சேராது, தண்ணீரைக் கரைக்காது, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் உள்ள காருக்கு ஆகாது. 5-க்கும் 5.1-க்கும் நடுவே ஒரு புள்ளிதான் வித்தியாசம் என்று பெயர் வைத்தவரை என்ன சொல்வது என்று தெரியவில்லை. பெரியப்பாவின் சொல்லைக் கடன் வாங்கலாம்.

எண் பெரிதாக இருந்தால் சரக்கு உசத்தி என்ற நினைப்பும் நம்மிடம் உண்டு. பந்தயத்துக்கென்று விற்கும் திரவங்களின் கொதிநிலை மிக அதிகம், ஆனால் அவற்றை அடிக்கடி மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். கோயிலுக்கும் அத்தை வீட்டுக்கும் போகிற வண்டிக்கு அது எதற்கு? எங்கள் வண்டியின் கையேடு டாட் 3, டாட் 4 இரண்டையும் அனுமதித்தது. இனி வருடத்துக்கு ஒரு முறையாவது மலை ஏறுவோம் என்பதால் டாட் 4 போட்டோம். எட்டு வருடம் கிடந்த டாட் 4-ஐ விட, போன மாதம் மாற்றிய டாட் 3 எத்தனையோ மேல் என்பது என் கட்சி. புதிய கார்களில் சில, குளிரிலும் இளகி ஓடும் மெல்லிய வகை டாட் 4-ஐக் குறிப்பிட்டுக் கேட்கும். வண்டி வழுக்காமல் காக்கும் மின்னணுக் கருவிக்குத் திரவம் சட்டென்று ஓட வேண்டும், அதற்காக. அங்கேயும் மூடியும் கையேடும் சொல்வதுதான் பேச்சு.

கடையில் டின்னை வாங்கும்போது சீல் உடையாமல் இருக்கிறதா என்று பாருங்கள். பெரிய கேனிலிருந்து ஊற்றித் தருகிறேன் என்றால் வேண்டாம். பழைய ஆட்கள் எங்கள் பக்கம் "கிர்லிங் கொடு" என்றே கேட்பார்கள். சென்னை பாடியில் 1962-இல் டிவிஎஸ்ஸும் இங்கிலாந்தின் லூகாஸும் சேர்ந்து தொடங்கிய பிரேக்ஸ் இந்தியா மூலம் இங்கே ஊன்றிப்போன பெயர் அது. எந்தப் பெயரானாலும் சரி, அரை லிட்டர் டின் இரண்டாக வாங்குங்கள், ஒரு லிட்டர் ஒன்றாக வேண்டாம். திறந்த டின்னில் மிச்சம் இருப்பதை அடுத்த வருடத்துக்கு என்று எடுத்து வைப்பதில் பயனில்லை. அலமாரியிலும் அது குடித்துக்கொண்டேதான் இருக்கும். தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைப்பதோ பெரிய தப்பு. விஷம், பார்க்க எலுமிச்சை ஜூஸ் மாதிரி வேறு இருக்கும்.

மாற்றுகிற நாளில் நானும் கூட நின்றேன். முந்தின நாளே பட்டறைப் பெரியவர் நான்கு சக்கரத்து நிப்பிளிலும், அதாவது பழைய ஆயிலை வெளியே விடும் சிறு திருகிலும், துரு இளக்கும் திரவம் அடித்து வைத்திருந்தார். எட்டு வருடம் யாரும் தொடாத நிப்பிள், அவசரப்பட்டால் உடைந்து கையில் வரும். அதைத் திருக ரிங் ஸ்பேனர்தான், திறந்த வாய் ஸ்பேனர் போட்டால் முனை மழுங்கிவிடும். மாஸ்டர் சிலிண்டருக்குக் கீழே ஒரு இடத்தில் பெயின்ட் உரிந்து கொப்புளம் விட்டிருந்ததை அன்றுதான் கவனித்தேன். எப்போதோ யாரோ சிந்தியிருக்கிறார்கள். பிரேக் ஆயில் பெயின்டைத் தின்றுவிடும். சிந்தினால் துணியால் தேய்க்காமல் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும். தண்ணீரில் கரையும் குணம் இங்கேயும் நமக்கு உதவுகிறது.

முதலில் டப்பாவில் இருந்த பழசை ஊசிக்குழாயால் உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதுசை ஊற்றினார். அப்புறம் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து தூரமாக இருக்கும் பின் இடது சக்கரம். நிப்பிளில் உள்ளே இருப்பது தெரிகிற ஒரு டியூப், அதன் மறுமுனை கொஞ்சம் ஆயில் இருக்கிற பாட்டிலுக்குள் முங்கியபடி. பெடல் வேலை பெரியப்பாவுக்கு. பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டையை வைத்தார் பெரியவர். பழைய மாஸ்டர் சிலிண்டரில் பிஸ்டன் தினமும் போகிற தூரம் பளபளவென்று இருக்கும், அதைத் தாண்டி உள்ளே துருவும் கசடும் இருக்கலாம். பெடலைத் தரைவரை அழுத்தினால் வாஷர் அந்தக் கசடில் உரசிக் கிழிந்துபோகும். நல்லது செய்யப் போய்ப் புதுக் கோளாறு. நான் படித்த எதிலும் இந்தக் கட்டை இல்லை.

"மிதிங் சார்… பிடிங்… விடுங்." மிதித்துப் பிடித்திருக்கும்போது நிப்பிளைத் திறந்து, காலை எடுப்பதற்குள் மூடுவார். மாறிப்போனால் காற்று உள்ளே போய்விடும். வாத்தியார் அல்லவா, பெரியப்பா ஒவ்வொரு மிதிக்கும் சத்தமாக எண் சொன்னார். என் வேலை டப்பாவைப் பார்ப்பது, பாதிக்குக் கீழே போக விடாமல் ஊற்றிக்கொண்டே இருப்பது. டப்பா வற்றினால் மேலிருந்து காற்று இறங்கும். ஏபிஎஸ் யூனிட்டுக்குள் காற்று புகுந்தால் கம்ப்யூட்டர் போட்டு எடுக்க வேண்டிய நிலை வரலாம். டியூபில் முதலில் வந்தது இரண்டாம் டிகாஷன் நிறம். பதினெட்டு, பத்தொன்பது என்று எண்ணிக்கொண்டே போகையில் மெல்லத் தெளிந்து, வெளிர் மஞ்சள் வந்தது. அடுத்து பின் வலது, முன் இடது, கடைசியில் முன் வலது. எல்லா வண்டிக்கும் இதே வரிசை இல்லை, சிலவற்றில் கையேடு வேறு வரிசை சொல்லும். எங்களுக்கு முக்கால் லிட்டர் ஆனது. முன் வலதில் மட்டும் கருப்பாகப் பொடிப்பொடியாக ஏதோ வந்தது. ஹோஸின் உள்பக்க ரப்பர் உதிர ஆரம்பித்திருக்கிறது என்று சொல்லி அன்றே முன் ஹோஸ் இரண்டையும் மாற்றினார்.

நிறத்தை வைத்துத் தண்ணீரைக் கண்டுபிடிக்க முடியாது என்பதையும் அன்று தெரிந்துகொண்டேன். கருத்திருந்தால் பழசு என்று சொல்லலாம். தெளிவாக இருப்பதாலேயே நல்லது என்று சொல்ல முடியாது. தண்ணீருக்கு நிறம் ஏது? பேனா மாதிரி ஒரு கருவி விற்கிறார்கள், முனையை டப்பாவில் முக்கினால் பச்சை, மஞ்சள், சிவப்பு விளக்கு எரியும். திரவம் மின்சாரத்தை எவ்வளவு கடத்துகிறது என்பதைத்தான் அது அளக்கிறது, அதிலிருந்து தண்ணீரை ஊகிக்கிறது. தவிர, டப்பாவில் இருப்பதைப் பார்க்கும், கொதிக்கிற இடமோ காலிப்பர். கொஞ்சத்தைச் சூடாக்கி நிஜமாகவே கொதிநிலையைப் பார்க்கும் கருவிதான் நம்பகமானது, ஆனால் சிறு பட்டறைகளில் அதைப் பார்ப்பது அரிது. "உங்ககிட்ட மெசின் இருக்குங்களாண்ணா?" என்று கேட்டேன். "தேதிதாந் தம்பி மெசினு. ரெண்டு வருசமானா மாத்தோணும்" என்றார்.

லெவல் குறைவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. பேட் தேயத் தேய அதைத் தள்ளும் காலிப்பர் பிஸ்டன் வெளியே வரும், அந்த இடத்தை நிரப்பத் திரவம் இறங்கும், டப்பாவில் கொஞ்சம் குறையும். அது நோயல்ல, பேட்டைப் பார் என்கிற அறிகுறி. நாம் மேல் கோடுவரை ஊற்றி நிரப்பிவிட்டால் அந்த அறிகுறியை அழித்துவிடுகிறோம். பிறகு புது பேட் போடப் பிஸ்டனை உள்ளே தள்ளும்போது டப்பா பொங்கிப் பெயின்டில் வழியும்.  பேட் புதிதாக இருந்தும் லெவல் இறங்கினால்தான் பயப்பட வேண்டும். டயரின் உள்பக்கச் சுவரில் ஈரம் இருக்கிறதா, பெடலுக்கு மேலே உள்ளே நனைந்திருக்கிறதா என்று பாருங்கள். திரவத்தால் இயங்கும் ஹைட்ராலிக் கிளட்ச் உள்ள பல வண்டிகளில் கிளட்சும் இதே டப்பாவிலிருந்துதான் குடிக்கும், அதனால் அந்தப் பக்கமும் ஒரு கண்.

அடுத்த வருடம் மறுபடி கொல்லிமலை போனோம். இந்த முறை இரண்டாவது கியர். இன்ஜின் உறுமும், பழகாத காதுக்கு வண்டியை வதைக்கிற மாதிரி இருக்கும். பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள், வழிவிட்டேன். வளைவுக்கு முன்னால் அழுத்தமாக ஒரு பிரேக், பிறகு காலை முழுதாக எடுத்துவிடுவது. லேசாக வைத்தே வருவதில்லை. இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் பெட்ரோல் மிச்சம் என்று எங்கள் மாமா ஒருவர் வழியெல்லாம் போனில் யோசனை சொன்னார். இந்தக் காலத்துக் காரில் அது தலைகீழ். கியரில் ஆக்சிலரேட்டரை விட்டு இறங்கும்போது இன்ஜினுக்குப் பெட்ரோல் போவதையே கம்ப்யூட்டர் நிறுத்திவிடும். நியூட்ரலில்தான் இன்ஜின் அணையாமல் இருக்கப் பெட்ரோல் செலவாகும். மாமா நம்பவில்லை.

அதே இடத்தில் பிள்ளைகள் மறுபடி நிறுத்தச் சொன்னார்கள். நிறுத்தினேன். குரங்கும் இருந்தது, அதே குரங்கா என்று தெரியாது. பெரியப்பா இறங்கவில்லை. முன் சீட்டிலேயே உட்கார்ந்து, பையிலிருந்து நோட்டை எடுத்து, கிலோமீட்டர் மீட்டரைப் பார்த்து ஏதோ எழுதினார். எட்டிப் பார்த்தேன். இன்ஜின் ஆயில், டயர்க் காற்று, பேட்டரி, வைப்பர் எல்லாவற்றுக்கும் நேராகக் கிலோமீட்டர் எண் இருந்தது. கடைசி வரியில் "தடைநீர்மம்" என்று எழுதி, கிலோமீட்டர் கட்டத்தில் ஒரு கோடு இழுத்துவிட்டு, பக்கத்தில் தேதி மட்டும் போட்டிருந்தார்.